சார்லட் 1949: புதுக் காரும் செம்மண் வளையமும்

நேயர்களுக்கு வணக்கம்.

1949ஆம் ஆண்டு ஜூன் 19, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், சார்லட் நகருக்கு வெளியே இருந்த செம்மண் ஓடுதளம் ஒன்றில் 33 கார்கள் பந்தயத்துக்காக வரிசைகட்டி நின்றன. முட்டை வடிவத் தளம், ஓவல் என்பார்கள். ஒரு சுற்று முக்கால் மைல், அதாவது சுமார் 1.2 கிலோமீட்டர். ஓட வேண்டியது 200 சுற்று, மொத்தம் 150 மைல். பரிசுத் தொகை எல்லாம் சேர்த்து 5,000 டாலர், அதில் முதல் இடத்துக்கு 2,000. நடத்தியவர் பில் ஃபிரான்ஸ். இன்று உலகமே அறிந்த நாஸ்கார் என்ற கார்ப் பந்தய அமைப்பு அப்போது பதிவாகி ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை. அதன் முதல் புதுக்கார்ப் பந்தயம் இது.

அன்றைய நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்: ஷோரூமிலிருந்து எப்படி வெளியே வந்ததோ அப்படியே வண்டி ஓட வேண்டும். அதற்கு முந்தைய வருடம் வரை நாஸ்காரில் ஓடியவை பெரும்பாலும் போருக்கு முந்தைய பழைய ஃபோர்டு கார்கள். மட்கார்டை வெட்டி, எஞ்சினைக் குடைந்து, இஷ்டத்துக்கு மாற்றிய வண்டிகள். போர் முடிந்த புதிதில் புதுக் கார் கிடைப்பதே அரிதாக இருந்தது. பணத்தைக் கட்டிவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்கும் மக்கள் முன்னால் புதுக் கார்களை மோதவிட்டு நொறுக்குவது நன்றாயிருக்குமா என்று யோசிக்க வேண்டியிருந்தது. 1949இல் தட்டுப்பாடு தளர்ந்ததும் பில் ஃபிரான்ஸ் துணிந்தார். கூட்டம் அள்ளிக்கொண்டு வந்தது. தன் வீட்டு வாசலில் நிற்கிற அதே மாடல் பந்தயத்தில் எப்படி ஓடுகிறது என்று பார்க்க யாருக்குத்தான் ஆசை இருக்காது?

சாலைக்காகச் செய்த கார் இப்படிப்பட்ட தளத்தில் முழுப் பந்தயமும் தாங்குமா என்பதுதான் கேள்வி. என் கணிப்பில் அன்றைய முடிவை எழுதியவை ஓட்டுநர்களின் கைகள் அல்ல. சூடு, வலது முன்சக்கரம், பின் ஸ்பிரிங் ஆகிய மூன்றும்தான். ஒவ்வொன்றாகப் பார்ப்போம். அதற்கு முன் தளத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

கரோலினா மண் இரும்புச் சத்தால் சிவந்த களிமண். இதைப் பந்தயத்துக்குத் தயார்செய்வது தனிக் கலை. முதல் நாள் மாலையே தண்ணீர் லாரியால் நன்றாக நனைப்பார்கள். காலையில் டிராக்டரில் டிஸ்க் கலப்பை பூட்டி மூன்று நான்கு அங்குல ஆழத்துக்குக் கிளறி, மறுபடி தெளித்து, கனமான வண்டிகளை ஓடவிட்டு அமுக்குவார்கள். ஈரம் சீக்கிரம் போகாமலிருக்கக் கால்சியம் குளோரைடு தூவுவதும் உண்டு. அந்த உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து மண்ணில் தேக்கும். தண்ணீர் கூடிப்போனால் சக்கரம் வாரியடிக்கும் சேறு பின்னால் வருகிறவரின் ரேடியேட்டரை மூடிவிடும். குறைந்துபோனால் புழுதி; மூன்றாவது வரிசையில் இருப்பவருக்கு முன்னால் போகும் கார் தெரியாது. ஜூன் மாத வெயிலில் எவ்வளவு நனைத்தாலும் புழுதிதான் ஜெயிக்கும்.

பந்தயம் போகப் போக மண்ணும் மாறிக்கொண்டே போகும். முதல் இருபது முப்பது சுற்று வரை பிசுபிசுவென்று டயரைப் பிடிக்கும். பிறகு கார்கள் திரும்பத் திரும்பப் போகும் தடம் காய்ந்து, தேய்ந்து, சிமெண்டுத் தரை போல வழுக்கும். உதிர்ந்த மண் வெளி ஓரத்தில் மெத்தை போலச் சேரும். தெரிந்த ஓட்டுநர் தன் வலது பின்சக்கரத்தை அந்த மெத்தையில் சாய்த்துத் திரும்புவார். வளைவு தொடங்கும் இடத்தில்தான் ஆபத்து. அங்கே எல்லாரும் ஒரே இடத்தில் வேகத்தைக் குறைப்பதால் முன்சக்கரங்கள் துள்ளித் துள்ளிக் குழி பறிக்கும். சாதாரண ஷாக் அப்சார்பர் உள்ள காருக்கு ஒவ்வொரு சுற்றிலும் அது சம்மட்டி அடிதான்.

இனி வளைவு. அமெரிக்க ஓவலில் ஓட்டம் எப்போதும் இடப்பக்கமாகவே. அதனால் எடை எப்போதும் வலப்பக்கம் சாயும். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். காரின் எடை 1,450 கிலோ. எடையின் மையம் தரையிலிருந்து 60 சென்டிமீட்டர் உயரத்தில். இரு பக்கச் சக்கரங்களுக்கும் இடையே 1.45 மீட்டர். வளைவில் பக்கவாட்டு விசை காரின் எடையில் பாதி. இப்படியானால் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு 300 கிலோ மாறும். நிற்கும்போது பக்கத்துக்கு 725 கிலோ சுமந்த வண்டி, வளைவில் இடப்பக்கம் 425, வலப்பக்கம் 1,025 என்று ஓடும். இன்னொன்று: வலது சக்கரங்கள் ஒவ்வொரு சுற்றிலும் இடது சக்கரங்களைவிட ஏறக்குறைய 9 மீட்டர் கூடுதலாக ஓட வேண்டும். தளம் எந்த வடிவமாக இருந்தாலும் இது மாறாது. 200 சுற்றுக்கு அதுவே 1.8 கிலோமீட்டர்.

இந்தச் சுமையில் பெரும்பங்கு போய் விழுவது வலது முன்சக்கரத்தில். அன்றைய சக்கரம் அழுத்திச் செய்த இரும்புத் தகடு. அதை டிரம்மோடு பிடித்திருப்பவை ஐந்தாறு நட்டுகள். தகடு சுற்றுக்குச் சுற்று உள்ளும் வெளியும் வளைந்துகொடுக்கும். நட்டு உட்காரும் துளையைச் சுற்றி முதலில் மயிரிழை விரிசல் விடும், துளை நீளும், கடைசியில் நட்டு போல்ட்டிலேயே இருக்க, சக்கரம் அதை உருவிக்கொண்டு தனியாகப் போய்விடும். நட்டை இன்னும் இறுக்கினால் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. அதிகம் இறுக்கினால் தகடு இன்னும் சீக்கிரம் கிழியும். அமைப்பாளர்களுக்கும் இது தெரிந்திருந்தது. எதையும் மாற்றக் கூடாது என்ற அந்தப் பந்தயத்தில் வலது முன்சக்கரத்துக்கு மட்டும் ஒரு இரும்புத் தகட்டை வைத்துப் பலப்படுத்திக்கொள்ள அனுமதி தந்தார்கள். அது ஒன்றுதான் விதிவிலக்கு.

மற்ற பாதுகாப்பெல்லாம் பேருக்குத்தான். கதவு திறந்துகொள்ளாமலிருக்கப் பெல்ட்டோ கயிறோ போட்டுக் கட்டினார்கள். கண்ணாடி சிதறாமலிருக்க ஹெட்லைட் மீது டேப் ஒட்டினார்கள். கார் கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் கூண்டுக் கம்பி கிடையாது.

கொடி அசைந்தது. முதல் ஐந்து சுற்றுகள் முன்னால் போனவர் பாப் ஃபிளாக். தகுதிச் சுற்றில் அவருடைய 1946 ஹட்சன் கார் மணிக்கு 67.958 மைல் வேகம் காட்டியிருந்தது. முக்கால் மைலை 40 விநாடிக்குள் முடித்திருக்கிறார். ஆனால் பந்தயத்தில் அவருடைய எஞ்சின் சீக்கிரமே போய்விட்டது. சும்மா உட்காராமல், பிறகு சாரா கிறிஸ்டியன் என்ற பெண் ஓட்டுநரின் ஃபோர்டில் ஏறி அவருக்குப் பதிலாகக் கொஞ்ச நேரம் ஓட்டினார். அந்தக் கார் 14ஆவதாக முடித்தது. நாஸ்காரின் முதல் புதுக்கார்ப் பந்தயத்திலேயே ஒரு பெண் ஓட்டியிருக்கிறார் என்பது பலருக்குத் தெரியாத செய்தி.

ஆறாவது சுற்றிலிருந்து 150ஆவது சுற்று வரை முன்னணியில் இருந்தவர் பில் பிளேர். அவரிடம் இருந்தது 1949 லிங்கன்: ஐந்தரை லிட்டர் எஞ்சின், 152 குதிரைசக்தி. 145 சுற்று முன்னால் ஓடியவரைச் சாய்த்தது இன்னொரு காரல்ல, கொதித்துப்போன தண்ணீர்.

இதற்குக் காரணம் எஞ்சின் கட்டமைப்பிலேயே இருக்கிறது. அன்றைய ஃபோர்டு, லிங்கன் இரண்டிலும் இருந்தவை வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில் பிளாக்கிலேயே அமைந்த வி எட்டு எஞ்சின்கள். அமெரிக்கர்கள் ஃபிளாட்ஹெட் என்பார்கள். இதில் எரிந்த புகை நேராக வெளியே வராது. பிளாக்குக்குள்ளேயே தண்ணீர் அறைகளுக்கு ஊடாக வளைந்து வெளிப்பக்கம் வர வேண்டும். ஃபோர்டில் ஒவ்வொரு பக்கமும் நடுவில் உள்ள இரண்டு சிலிண்டர்களுக்கு ஒரே வழி. ஆகவே சைலன்சர் வழியே போக வேண்டிய சூட்டில் ஒரு பங்கு ரேடியேட்டர் தலையில் விழுகிறது. சாலையில் இது தெரியாது. ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தபடி யாரும் இரண்டு மணி நேரம் ஓட்டுவதில்லை. குறுகிய ஓவலில் எஞ்சினுக்கு ஓய்வே கிடையாது. ரேடியேட்டர் இடுக்குகளிலோ களிமண் அடைகிறது. முதலில் மூடி வழியே ஆவி வரும். பிறகு பிளாக்குக்குள் ஆவிக் குமிழிகள் தங்கும். அவை தங்கிய இடத்தில் இரும்பு தண்ணீரைத் தொடாது. வால்வு இருக்கைக்கும் சிலிண்டருக்கும் நடுவே விரிசல் விடும். இல்லையென்றால் ஹெட் கேஸ்கட் ஊதிவிடும். அனுபவமுள்ளவர்கள் ரேடியேட்டருக்கு முன்னால் கொசுவலை போல ஒரு கம்பி வலை கட்டி, வண்டி நிற்கும்போதெல்லாம் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுவார்கள். சூடேறிய எஞ்சினுக்குள் பச்சைத் தண்ணீரை ஊற்றுவது மட்டும் கூடாது. விரிசலுக்கு அதைவிடச் சுருக்கு வழி வேறில்லை.

எண்ணெய்க்கும் இதே கதி. ஓயாமல் இடப்பக்கம் திரும்பும்போது சம்பில், அதாவது எஞ்சினுக்கு அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியில், இருக்கும் ஆயில் வலப்பக்கச் சுவரில் ஏறிக்கொள்ளும். உறிஞ்சும் குழாய் காற்றை இழுக்கும். ஒவ்வொரு வளைவிலும் ஒன்றிரண்டு விநாடி அழுத்தம் விழுந்தால் போதும், நூறு சுற்றுக்குள் பேரிங் தட்ட ஆரம்பித்துவிடும்.

லீ பெட்டி என்ற பெயரைப் பந்தய ரசிகர்கள் அறிவார்கள். பின்னாளில் மூன்று முறை சாம்பியன் ஆனவர். அன்று அவர் ஓட்டியது இரவல் வாங்கிய 1946 பியூக் ரோட்மாஸ்டர். 144 குதிரைசக்தி, நேர்வரிசை எட்டு சிலிண்டர். ஆனால் பியூக்கின் பெருமையே நான்கு சக்கரத்துக்கும் சுருள் ஸ்பிரிங் போட்ட மெத்தென்ற சவாரிதான். சாலையில் குடும்பத்தோடு போகச் சுகம். களிமண் வளைவில் கார் கவிழ்வதற்கு அதைவிட வேறென்ன வேண்டும்? நூறு சுற்று தாண்டியதும் வண்டி உருண்டு நொறுங்கியது.

இப்போது பந்தயத்தின் மையத்துக்கு வருகிறோம். பிளேர் விலகியதும் முன்னணியைப் பிடித்தவர் கிளென் டன்அவே. சொந்தக் கார் இல்லாமல் வந்தவர். ஹியூபர்ட் வெஸ்ட்மோர்லாண்டின் 1947 ஃபோர்டு அவருக்கு வாய்த்தது. 100 குதிரைசக்தி எஞ்சின். அதைவிட ஒன்றரை மடங்கு சக்தியுள்ள லிங்கன்களைப் பின்னால் விட்டு அந்தச் சின்னக் கார் முன்னால் போய்க்கொண்டே இருந்தது. கொடி விழுந்தபோது லிங்கன் ஓட்டி இரண்டாவது இடத்தில் இருந்த ஜிம் ரோப்பரைவிட மூன்று சுற்று முன்னால்.

பந்தயம் முடிந்ததும் பரிசோதகர் ஆல் கிரிஸ்லர் வண்டியின் அடியில் பார்த்தார். பின் ஸ்பிரிங் விரித்து முட்டுக்கொடுத்து விறைப்பாக்கப்பட்டிருந்தது. கம்பெனி அப்படிச் செய்து அனுப்பவில்லை. டன்அவே தகுதி இழந்தார்.

1948 வரை ஃபோர்டு காருக்குப் பின்னால் இருந்தது ஒரே ஒரு பட்டை ஸ்பிரிங். நம் ஊர் லாரியில் சேசிஸ் நீளத்துக்குப் பக்கத்துக்கு ஒன்றாகப் பார்க்கிறோமே, அப்படியல்ல. குதிரை வண்டியிலிருந்து வந்த பழக்கம்: கவிழ்த்த வில் போல ஒரு பட்டைக்கட்டு, காரின் குறுக்கே ஒரு சக்கரத்திலிருந்து மறு சக்கரம் வரை போகும். நடுவில் இரண்டு யூ போல்ட் போட்டுச் சேசிஸின் குறுக்குச் சட்டத்தோடு இறுக்கியிருப்பார்கள். இரு நுனியும் ஷாக்கிள் என்ற ஆடும் இணைப்பு வழியே ஆக்சிலைப் பிடிக்கும். மேடு பள்ளத்துக்கு நல்ல அமைப்பு. ஆனால் வளைவில் பாடி வலப்பக்கம் நன்றாகப் படுத்துவிடும், ஷாக்கிள் மீது பக்கவாட்டிலும் ஊசலாடும்.

அந்த வட்டாரத்தில் இதற்கு மருந்து தெரிந்தவர்கள் ஏற்கெனவே இருந்தார்கள்: கள்ளச்சாராயம் கடத்துகிறவர்கள். 100 கேலன் சாராயம், கண்ணாடி ஜாடியின் எடையைச் சேர்க்காமலே, 350 கிலோ. சாதாரண ஸ்பிரிங்கில் அதை ஏற்றினால் வண்டியின் வால் தரையைத் தொடும். போலீஸ் முதலில் பார்ப்பதே அதைத்தான். அதனால் ஸ்பிரிங்கை விரித்து ஆப்பு வைத்தார்கள். சுமை ஏற்றியதும் வண்டி சமமாக நிற்கும். நம் லாரி பட்டறையில் ‘ஒரு பட்டை சேர்த்துக் கட்டு’ என்பது போலத்தான். வெஸ்ட்மோர்லாண்டின் காரும் அந்த வாரம் சாராயச் சுமையோடு ஓடிய வண்டிதான் என்று சொல்வார்கள்.

பந்தயத்தில் இது எப்படி உதவியது? ‘சாய்வு குறைந்தது, அதனால் வேகம் கூடியது’ என்பதே பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். அது பாதிதான். வலப்பக்கம் மாறும் அந்த 300 கிலோ, எந்த ஸ்பிரிங் போட்டாலும் கிட்டத்தட்ட அவ்வளவேதான். அதில் முன் ஆக்சிலுக்கு எவ்வளவு, பின் ஆக்சிலுக்கு எவ்வளவு என்ற பங்கீட்டைத்தான் ஸ்பிரிங் மாற்றும். பின்னால் விறைத்தால் பின் ஆக்சில் அதிகப் பங்கை வாங்கிக்கொள்ளும், வலது முன் டயருக்குச் சுமை குறையும். கம்பெனிக் கார்களைப் பாதுகாப்புக்காக, வேகத்தில் திருப்பினால் மூக்கு வெளியே ஓடுகிற மாதிரிதான் அமைப்பார்கள். களிமண் ஓவலில் அப்படி ஓடினால் வெளி வேலியில் போய் நிற்க வேண்டியதுதான். பின்பக்கம் விறைத்த காரில் மூக்கு உள்ளே திரும்பும், வால் வெளியே சறுக்கும். ஓட்டுநர் ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் பிடித்துக்கொண்டு ஆக்சிலரேட்டராலேயே வண்டியைத் திருப்பலாம். பிரேக்குக்கு வேலை குறையும், வலது முன்சக்கரத்துக்கும் ஆயுள் கூடும்.

இதற்கு விலையும் உண்டு. இடது பின்சக்கரத்தில் எடை இன்னும் குறையும். இரு பின்சக்கரங்களுக்கும் சக்தியைப் பிரித்துத் தரும் சாதாரண டிஃபரன்ஷியல் இருந்தால் குழியில் அது தூக்கிக்கொண்டு சும்மா சுழலும், மறு சக்கரத்துக்கும் இழுவை போய்விடும். ஆகவே மூன்று சுற்று வித்தியாசத்தை அப்படியே ஸ்பிரிங்கின் கணக்கில் எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஃபோர்டு சுமார் 1,450 கிலோ. லிங்கன் ஏறத்தாழ 1,800. எடை கூடினால் டயரும் சக்கரமும் சூடும் எல்லாமே கூடும். ரோப்பரும் கடைசிக் கட்டத்தில் எஞ்சின் சூட்டுக்குப் பயந்து நிதானமாக வந்தவர்தான். முட்டு இல்லாமலே அந்த ஃபோர்டு வென்றிருக்கக்கூடும். ஆனால் விதி விதிதான்.

இரண்டாயிரம் டாலர் ஜிம் ரோப்பருக்குப் போனது. தூரத்துக் கன்சாஸ் மாநிலத்துக்காரர். செய்தித்தாளில் வந்த படக்கதை ஒன்றில் இந்தப் பந்தயத்தைப் பற்றிப் பார்த்துவிட்டுக் கிளம்பி வந்தவர். ஃபாண்டி ஃபிளாக் இரண்டாவது, ரெட் பைரன் மூன்றாவது. டன்அவே மேல் குற்றமில்லை, வண்டி அவருடையதல்ல என்று மற்ற ஓட்டுநர்கள் தங்கள் பரிசிலிருந்து ஆளுக்குக் கொஞ்சம் போட்டு அவரிடம் கொடுத்ததாகச் சொல்வதுண்டு.

வெஸ்ட்மோர்லாண்ட் சும்மா இருக்கவில்லை. 10,000 டாலர் கேட்டு வழக்குப் போட்டார். டிசம்பரில் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. விதியை எழுதிய அமைப்புக்கே அதை அமல்படுத்தும் அதிகாரமும் உண்டு என்பது அத்தோடு உறுதியானது. தீர்ப்பு மாறியிருந்தால், பந்தயம் முடிந்து வண்டியைப் பிரித்துப் பார்க்கும் ஒவ்வொரு பரிசோதகரும் வக்கீலைக் கூட்டிக்கொண்டுதான் வர வேண்டியிருந்திருக்கும்.

ஓட்டுநர்கள் கற்ற பாடம் வேறு. பியூக்கை இழந்த லீ பெட்டி அடுத்து லேசான பிளிமவுத் காருக்கு மாறினார். ஆறு சிலிண்டர், நூறு குதிரைசக்திக்கும் குறைவு. அக்டோபர் 2ஆம் தேதி பிட்ஸ்பர்க் பக்கம் ஹைடல்பர்க் தளத்தில் அதிலேயே வென்றார். அந்த வருடம் நடந்த எட்டுப் பந்தயங்களின் முடிவில் சாம்பியன் ஆன ரெட் பைரன் ஓட்டியது ஓல்ட்ஸ்மொபைல் 88. வால்வுகள் சிலிண்டருக்கு மேலே போய்விட்ட புதுவகை எஞ்சின், 135 குதிரைசக்தி. புகைக்கு வெளியே போக நேர்வழி கிடைத்துவிட்டதால் ரேடியேட்டருக்குப் பாரம் குறைந்தது.

சில வருடங்களில் விதிகளும் இறங்கி வந்தன. சக்கரம், ஹப், ஸ்பிண்டில், ஷாக் அப்சார்பர் என்று முறிகிற பாகங்களை ஒவ்வொன்றாகப் பலப்படுத்த அனுமதி கிடைத்தது. அந்தக் காலத்துக் குறும்படங்கள் எங்காவது பார்க்கக் கிடைத்தால் முன்னால் போகிற காரை விட்டுவிட்டு, வளைவுக்குள் நுழையும் கார்களின் வலது முன்சக்கரத்தை மட்டும் கவனியுங்கள். டயர் ரிம்முக்கு அடியில் மடிகிறதா, சக்கரம் ஆடுகிறதா என்று பார்த்தால், யார் கடைசி வரை தாக்குப்பிடிப்பார் என்பதை ஓரளவு முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

வணக்கம்.